பத்தில் ஒரு பங்கு

ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லி, நாலு பேரையும் அவரவர் தகுதிக்கு ஏற்ற அளவில் மட்டும் எரிச்சல்படுத்தத் தெரிந்த மனிதர் பெங்களூரில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பங்கு சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பள ரிஜிஸ்டரில்கூட இருந்திருக்கும். ஆனால் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாருக்கும் அவர் பங்கு சார்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவர். மீசை சரியாக வளராததால் இன்னும் சின்னவராகத் தெரிவார். ஆனாலும் பெரிய படிப்பு படித்தவர் என்பதால் நான் 'சார்' என்பேன். அவர் என்னை 'தாஸ்' என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அப்போதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் கம்ப்யூட்டர் கிடையாது. வைத்திருக்கிறவர்களிடம் வேலையைக் கொண்டுவந்து கொடுத்து, அச்சடித்த கட்டாக வாங்கிப் போவார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். பீரோ உயரம். அதற்குத் தனி அறை, தனி ஏ.சி. எங்களுக்கு ஒரு ஃபேன், அதுவும் தலையை ஆட்டி ஆட்டி 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருக்கும். வேலைகள் பதிந்து வரும் டேப்பை மெஷினில் மாட்டுவது, பிரிண்டருக்குப் பேப்பர் போடுவது, வந்த பேப்பரைக் கிழித்துக் கட்டுவது என் வேலை. எங்கே தப்பான டேப்பை மாட்டிவிடுவேனோ என்று தினமும் மூன்று தடவை கழற்றிப் பார்த்து மாட்டுவேன். அப்படிக் கழற்றியதில்தான் இரண்டு தடவை தப்பு நடந்தது.

பங்கு சார் வருவதற்கு முன்னால் வேலைகளெல்லாம் வரிசையில் நின்றன. முதலில் வந்தது முடியணும், அப்புறம்தான் அடுத்தது. ஆறு மணி நேர வேலை ஒன்று உள்ளே உட்கார்ந்துவிட்டால், பின்னால் இரண்டு நிமிஷ வேலையோடு வந்தவன் வாசல் படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க வேண்டியதுதான். ரேஷன் கடை மாதிரி.

பங்கு சார் வந்த முதல் வாரமே அதைக் கலைத்தார்.

"வரிசைன்னா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் நிக்கணுமா தாஸ்? எல்லாரையும் உள்ள விடு. எல்லாருக்கும் ஒரே சமயத்துல கொஞ்சம் கொஞ்சம் குடு. பெரிய ஆளுக்குக் கொஞ்சம் அதிகமா, சின்ன ஆளுக்குக் கொஞ்சம் கம்மியா. ஆனா யாருக்கும் இல்லன்னு சொல்லாத."

வேலைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் கம்பெனி, எங்கள் பெரிய வாடிக்கைக்காரர், அவருக்கு எடை ஐந்து. இன்சூரன்ஸ்காரர்களுக்கு மூன்று. மிச்சம் எல்லாரும் 'இதர', ஆளுக்கு ஒன்று. ஐந்துகாரருக்கு ஐந்து நொடி ஓடினால் மூன்றுகாரருக்கு மூன்று நொடி, ஒன்றுகாரருக்கு ஒரு நொடி, திரும்ப முதலிலிருந்து. மெஷின் இதை அவ்வளவு வேகமாகச் செய்யும், ஒவ்வொருவரும் தன் வேலை மட்டும்தான் ஓடுகிறது, என்ன கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இதை ஒரு தாளில் எழுதி எம்.டி.யிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டினார். எம்.டி. அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மனிதர் இதை வாழ்க்கைக்கும் கொண்டுவந்தார்.

எங்களுக்கு டீ ஒரு ஃபிளாஸ்க்கில் வரும். அதை ஊற்றும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நாமெல்லாம் என்ன செய்வோம்? ஒரு கிளாஸை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை நிரப்புவோம். அவர் அப்படிச் செய்ய மாட்டார். ஐந்து கிளாஸை வட்டமாக வைத்து, எம்.டி. கிளாஸில் ஐந்து சொட்டு, அக்கவுண்டன்ட் கிளாஸில் மூன்று, எங்களுக்கு ஒவ்வொன்று என்று சுற்றிச் சுற்றி வருவார். கால் மணி நேரம் ஆகும். யாருக்கும் காத்திருப்பு கிடையாது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீ வந்துகொண்டே இருக்கும்.

"இன்னா சார் இது, பால் ஆடை கட்டிக்கிச்சு" என்றாள் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்துப் பெண், எங்கள் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். கீபோர்டில் விரல் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"ஆனா யாராவது காத்திருந்தீங்களா?"

"இல்ல சார். எல்லாருக்கும் ஒண்ணா ஆறிப்போச்சு."

போன் விஷயம் இன்னும் மோசம். அவர் மேஜையில் இரண்டு போன். இரண்டும் அடித்தால் இரண்டையும் எடுப்பார். நடுவில் நான் போய் நின்றால் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

"சொல்லுங்க மேடம், உங்க லிஸ்ட்டு… ஒரு நிமிஷம்… ம், சொல்லும்மா, சாம்பார்ல… இரு… தாஸ், அந்த டேப்பைக் கழட்டி… இருப்பா… நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நிச்சயமா வந்துடும்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் எனக்கே கேட்டது. "சாம்பாரா? நாளைக்குப் பத்து மணிக்கா?"

இதெல்லாம் எதுவும் அவரை அசைத்ததில்லை. ஆனால் ஒரு தை மாத முகூர்த்த நாள் அசைத்தது. ஒரே நாளில் அவருக்கு மூன்று கல்யாணம். ஒன்று அல்சூரில் மாமா மகளுக்கு, எடை ஐந்து. ஒன்று ஓசூர் ரோட்டில் காலேஜ் சிநேகிதனுக்கு, மூன்று. ஒன்று எங்கள் ஸ்டெல்லாவின் தம்பிக்கு, லிங்கராஜபுரம் சர்ச்சில், ஒன்று. மற்றவர்களாக இருந்தால் ஒன்றுக்குப் போய்விட்டு, இரண்டாவதற்குத் தலையைக் காட்டிவிட்டு, மூன்றாவதற்கு மன்னிப்புக் கேட்பார்கள். பங்கு சார் ஸ்கூட்டரை எடுத்தார். அங்கே இருபத்தைந்து நிமிஷம், இங்கே பதினைந்து நிமிஷம், சர்ச்சில் ஐந்து நிமிஷம், திரும்ப அல்சூர். இப்படி இரண்டு சுற்று. ஓசூர் ரோட்டு மண்டபத்தில் அவர் இரண்டாவது தடவை உள்ளே நுழைந்தபோது வாசலில் பன்னீர் தெளித்த பெண், "சார், சாப்பாடு பதினொன்றரைக்குத்தான் சார்" என்றாளாம்.

மறுநாள் அவர் முகம் சரியில்லை.

"என்ன சார், கல்யாணமெல்லாம் எப்படி?"

"ரெண்டு இடத்துலயும் தாலி கட்டறப்ப ரோட்டுல இருந்தேன் தாஸ். சர்ச்ல மோதிரம் மாத்தினப்ப பெட்ரோல் பங்க்ல இருந்தேன்." சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தார். "ஒரு வேலையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறதுக்கே நேரம் ஆகுது. மெஷின்ல அது கண்ணுக்குத் தெரியாது. ஓசூர் ரோட்டுல தெரியுது."

மெஷின் விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு தப்பியதே கிடையாது. ஒரு வேலையை உள்ளே விடும்போதே, "இது மூணு மணி நாப்பதுக்கு முடியும்" என்று சொன்னால் மூணு நாற்பதுக்கு நான் பேப்பரோடு நிற்கலாம். ஸ்டெல்லா தன் வாட்ச்சை அதை வைத்துத் திருத்திக்கொள்வாள்.

இப்போது என் கதைக்கு வர வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது எட்டாம் வகுப்பில். வறுமை என்று சொன்னால் மரியாதையாக இருக்கும், உண்மை அதுவல்ல. ஒருநாள் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து போகவில்லை. மறுநாள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து போகவில்லை. அதற்கு மறுநாள், இரண்டு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்பார்களே… இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் எங்கள் சென்டரில் ஓர் ஆபரேட்டர் இடம் வந்தது. எனக்குத்தான் என்று எம்.டி. வாய் வார்த்தையாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. ஜூனுக்குள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பேப்பர் கிழித்துக்கொண்டே கிழவனாகிவிடுவேனோ என்று பயந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பயம் இன்னொரு பயத்தை ஜெயித்து, ஒரு ட்யுடோரியலில் சேர்ந்துவிட்டேன்.

அந்த ட்யுடோரியலுக்கு ஊர் முழுக்கப் பதினோரு கிளை. தனித்தேர்வர்கள் எல்லாருடைய பெயரையும், எழுதப்போகும் பாடங்களையும், பழைய மார்க்குகளையும் சரிபார்த்துப் பட்டியலாக அச்சடித்து, மல்லேஸ்வரம் பக்கம் இருந்த தேர்வு அலுவலகத்தில் கடைசி நாள் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பரீட்சை இல்லை. அந்தப் பட்டியல் வேலையைக் கொண்டுவந்து கொடுத்ததே எங்கள் சென்டரில்தான். என் பெயர் இருக்கும் டேப்பை நானே மெஷினில் மாட்டினேன். நாலு தடவை கழற்றிப் பார்த்து மாட்டினேன்.

ட்யுடோரியல்காரர்கள் டேப் கொடுத்ததே கடைசி நாள் காலையில். ஒன்பதரைக்கு வேலை உள்ளே போயிற்று. நான் பங்கு சார் மேஜைக்கு ஓடினேன்.

"சார், எப்ப முடியும்?"

திரையைப் பார்த்தார். "துணிக் கம்பெனி அஞ்சு. இன்சூரன்ஸ் மூணு. இதரல ரெண்டு வேலை, ஒண்ணு ஒண்ணு. மொத்தம் பத்து. உன்னுது பத்துல ஒரு பங்கு. தனியா ஓடினா நாப்பது நிமிஷ வேலை. பத்துல ஒரு பங்குன்னா நானூறு நிமிஷம். நாலு மணி பத்து நிமிஷம்."

நாலு பத்து. அச்சடிக்க அரை மணி. அங்கிருந்து ஆட்டோவில் முக்கால் மணி. ஐந்து இருபத்தைந்து. எட்டாம் வகுப்புக் கணக்குக்கே தெரிந்தது, என் பரீட்சை போச்சு.

"சார்… பெரிய வேலைங்க ரெண்டும்?"

"சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் ஓடும்."

"சார், அப்படின்னா என்னுதுக்கு ஒரு ரெண்டு போடுங்க சார். ரெண்டே ரெண்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"சார், என் பேரு அதுல இருக்குது சார்! ஆபரேட்டர் வேலை சார்!"

"தெரியும்பா. உனக்காக இன்னிக்கு ரெண்டு போட்டா, நாளைக்கு எம்.டி. மச்சானுக்காக ஏழு போடணும். அப்புறம் அந்தத் தாளைச் சுவத்துல எதுக்கு ஒட்டி வெச்சிருக்கேன்?"

அந்த மனிதரை அடிக்கலாமா என்று இருந்தது. அடித்தால் போலீஸ் வருமே என்று பயமாகவும் இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வரும்போது அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி ஃபிளாஸ்க்கைத் திறந்து சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"கல்லு மனசு தாஸண்ணா" என்றாள் ஸ்டெல்லா, அவர் காதில் விழுகிற மாதிரி.

பதினோரு மணிக்கு எம்.டி. வந்தார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் பாதி கன்னடமாகிவிடும். அன்றைக்கு முக்கால்வாசி ஆகியிருந்தது.

"ஏன்ரீ இது? துணி பார்ட்டி போன்ல ஒரே கூச்சல். கப்பலுக்குப் போற சரக்கு லிஸ்ட்டு இன்னும் வரலேங்கறான். இங்க நோடுனா ஏதோ ட்யுடோரியல் ஓடுது! நிறுத்துரீ அதை!"

பங்கு சார் எழுந்து நின்றார்.

"நிறுத்த முடியாது சார்."

"சரி, கம்மி பண்ணு."

"அதுக்கு ஒண்ணுதான் சார் இருக்கு. ஒண்ணுக்குக் கீழ என்ன சார் இருக்கு?"

"ஜீரோ இருக்கு!"

"ஜீரோ போட்டா அது பட்டினி சார். ஆறு மணி வரைக்கும் ஒரு பருக்கை கிடைக்காது."

"மெஷினுக்கு ஏதுரீ பட்டினி?"

"மெஷினுக்கு இல்ல சார். உள்ள காத்துகிட்டு இருக்கிற வேலைக்கு."

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"அதை நிறுத்துனா சரக்கு லிஸ்ட்டு எஷ்டு சீக்கிரம் வரும்?"

"அரை மணி சார்."

"பார்த்தியா! அரை மணி!"

"கப்பல் மெட்ராஸ்ல நிக்குது சார். அடுத்த வாரம்தான் கிளம்புதுன்னு அவங்களே சொன்னாங்க. அரை மணியில அது எங்க சார் போயிடும்? ட்யுடோரியலுக்கு அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க." சுவரில் இருந்த தாளைக் காட்டினார். "அதுவும் இல்லாம, கீழ உங்க கையெழுத்துதான் சார் இருக்கு."

எம்.டி. சுவருக்குப் பக்கத்தில் போய், முதல் தடவையாக அந்தத் தாளை முழுசாகப் படித்தார். படித்து முடித்ததும் கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"உனக்கு மெமோ குடுக்கறேன்ரீ!"

"குடுங்க சார். ஸ்டெல்லாகிட்ட டைப் அடிக்கக் குடுத்திருங்க. 'இதர'வுல போட்டுடறோம், சாயந்தரத்துக்குள்ள வந்துடும்."

ஸ்டெல்லா கீபோர்டுக்குள்ளேயே குனிந்துவிட்டாள். எம்.டி. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெமோ வரவே இல்லை.

எனக்கு என்ன ஆறுதல்? பட்டினி இல்லை, சரி. நாலு பத்து நாலு பத்துதானே. கடிகாரத்தைப் பார்ப்பதும் பிரிண்டரைப் பார்ப்பதுமாக இருந்தேன். மத்தியானம் ஸ்டெல்லா கொடுத்த மீன் குழம்புகூட இறங்கவில்லை.

சரியாக மூன்றரைக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது.

நான் நம்பவில்லை. வேறு யாருடையதோ என்று பார்த்தேன். ட்யுடோரியல் பட்டியல்! நாலு மணிக்குக் கடைசித் தாளும் வந்துவிட்டது. கட்டி, வாரி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். ஆட்டோக்காரர் சிவாஜி நகர் நெரிசலில் நிதானமாகப் பீடி பற்றவைத்தபோது மட்டும் கொஞ்சம் அழுதேன். நாலே முக்காலுக்கு ஜன்னலில் கொடுத்து ரசீது வாங்கினேன். மல்லேஸ்வரம் நடைபாதையிலேயே உட்கார்ந்து, பட்டியலில் என் பெயரைக் கொடுக்க மறந்திருப்பார்களோ என்று புதிதாக ஒரு கவலையை ஆரம்பித்தேன்.

பெயர் இருந்தது. பரீட்சை எழுதினேன். கணக்கில் முப்பத்தெட்டு. ஆபரேட்டர் ஆனேன்.

பங்கு சாரை நாங்கள் சும்மா விடுவோமா? கணக்கு தப்பாத மனிதர், முதல் தடவையாக நாற்பது நிமிஷம் தப்பியிருக்கிறார்! ஸ்டெல்லா அதை ஒரு பண்டிகையாகவே ஆக்கிவிட்டாள். காலையில் குட்மார்னிங்குக்குப் பதில், "சார், மணி ஒன்பதரை. உங்க கணக்குல பத்து பத்தா?" என்பாள். நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு ரெண்டு போட மறுத்த கோபம் அடியில் கிடந்தது இல்லையா? "சார், எட்டாங்கிளாஸ்ல நானே பரவால்ல போல" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே சொட்டு எண்ணுவார்.

ஆபரேட்டர் ஆன பிறகு எனக்குப் புது வேலை ஒன்று வந்தது. மெஷின் தன்பாட்டுக்கு நாள் முழுக்க ஒரு காகிதச் சுருளில் எழுதிக்கொண்டே இருக்கும். எத்தனை மணிக்கு எந்த வேலை வந்தது, எது முடிந்தது, யாருடையது என்று. பழைய சுருள்களை வெட்டித் தேதிவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். எங்கே தேதி மாறிவிடுமோ என்று நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் கட்டுவேன். அப்படி அந்தக் கடைசி நாள் சுருள் கையில் வந்தது.

ஒன்பதரைக்கு ட்யுடோரியல் வேலை உள்ளே வந்தது என்று இருந்தது. ஒன்பது நாற்பத்தொன்றுக்கு, அதாவது நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தபோது, 'இதர'வில் இருந்த இன்னொரு வேலை நடுவிலேயே நிறுத்தப்பட்டது என்று இருந்தது. முடியவில்லை, நிறுத்தப்பட்டது. அது ஓடிய காலம் இருபத்து மூன்று நாள். யாருடையது என்ற இடத்தில் ஒரு பெயர். யாரடா இது என்று இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் விளங்கியது, பங்கு சாருக்கும் ஒரு பெயர் உண்டே என்று.

சுருளை ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, அவரு ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிகினு இருந்தாரு. இந்தப் பங்கு விஷயம்தான். டில்லியில பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி வாசிக்கணுமாம். 'கணக்கு முடியல, இந்த வருஷம் அனுப்ப முடியாது'ன்னு ஒரு லெட்டரு என்னைத்தான் டைப் அடிக்கச் சொன்னாரு. நான்கூட, இன்னா சார், அதுலயும் கணக்கு தப்பான்னு கேட்டேண்ணா."

பத்தில் ஒரு பங்கு. ஒருவர் எழுந்து போனால் ஒன்பதில் ஒரு பங்கு. நாற்பது நிமிஷத்தை ஒன்பதால் பெருக்கினால் முந்நூற்று அறுபது. நானூறுக்கு நாற்பது கம்மி. முப்பத்தெட்டு மார்க் வாங்கியவனுக்குக்கூட வருகிற கணக்கு. எனக்கு எடையைக் கூட்ட அவர் எழுதிய சட்டம் இடம் கொடுக்கவில்லை. தன் வேலையை எடுத்துக்கொண்டு போக இடம் கொடுத்தது. இருபத்து மூன்று நாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணக்கு தெரியாதவன் என்று எங்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டு, மாசக்கணக்கில் எங்களுக்கு டீ ஊற்றியிருக்கிறார்.

சுருளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார்… அன்னிக்கு உங்க கணக்கு தப்பு இல்ல சார்."

என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துபோயிற்று, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

"அதுக்கென்ன தாஸ், திரும்ப முதல்லேர்ந்து போட்டா ஓடப்போவுது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா தப்பு இல்லன்னு ஸ்டெல்லாகிட்ட மட்டும் சொல்லிடுப்பா. ரொம்ப ஓட்டுறா" என்றார்.

மறு வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டாரா, இருபத்து மூன்று நாளைத் தாண்டி ஓடியதா, டில்லியில் வாசித்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரித்து 'இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

என்னிடம் இருக்கிற கவலைகளில் நானே ஆசைப்பட்டு வைத்திருப்பது அது ஒன்றுதான்.